ரஞ்சன்குடிக் கோட்டையில் தோற்றது யார்?

மலர்க் குழு நண்பர்கள் இரண்டு முறை போன் செய்துவிட்டார்கள். "சார், பிரான்ஸ் போயிட்டு வந்தீங்கல்ல, அங்க பார்த்த கோட்டை, பழைய ஊரு பத்தியெல்லாம் நாலு பக்கம் எழுதிக் குடுங்க, நம்ம ஆளுங்க ஆசையாப் படிப்பாங்க" என்றார்கள். எழுதலாம்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா கர்க்கசோனில் நிற்கமாட்டேன் என்கிறது. சென்னைச் சாலையில் மங்கலமேடு தாண்டாமல் நம் ரஞ்சன்குடிக்கே வந்துவிடுகிறது. ஆகவே நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். பிரான்ஸ் கொஞ்சம், பெரம்பலூர் நிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் குடும்பம் துலூஸ் நகரில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் கர்க்கசோன். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேடு, மேட்டின் மேல் ஒரு முழு ஊர், ஊரைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில்கள். இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளம், 52 கொத்தளங்கள். இரண்டு மதிலுக்கும் நடுவே தேர் ஓடும் அகலத்துக்கு வெறும் நிலம். வெளி மதிலை உடைத்து உள்ளே வருகிறவன் அந்த வெற்று இடத்தில் மாட்டிக்கொள்வான், மேலிருந்து அடிப்பார்கள். மருமகன் விளக்கிச் சொன்னபோது, "இது நம்ம ஸ்ரீரங்கத்து வீதி மாதிரியில்ல இருக்கு" என்று என் வீட்டம்மா சொன்னாள். ஒருவிதத்தில் சரிதான். 1750களில் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்ரீரங்கத்து மதில்களைக் கோட்டையாகத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

கர்க்கசோன் இன்று இருக்கிற அழகு முழுவதும் பழையது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அது பாழடைந்து, மதில் இடுக்கில் ஏழைகள் குடிசை போட்டுக்கொண்டு கிடந்தது. 1849இல் அந்த நாட்டு அரசாங்கமே அதை இடித்துத் தள்ள முடிவு செய்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால் தப்பியது. 1853 முதல் வியோலே லெ துக் என்ற கட்டடக் கலைஞர் திருப்பிக் கட்டினார். கொத்தளங்களுக்குக் கூம்பு வடிவக் கூரை போட்டு, கறுப்புக் கற்பலகை வேய்ந்தார். தெற்குச் சீமையில் இப்படிக் கூரை கிடையாது, இது வடக்கத்திப் பாணி என்று அன்றைக்கே சண்டை போட்டார்கள். 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வருகிற கூட்டம் கூரையைத்தான் படம் எடுக்கிறது!

கோட்டை வாசலில் ஒரு பெண்ணின் சிலை. ஊர்ப் பேருக்கே காரணமானவள் என்று கதை. சார்லமேன் சக்கரவர்த்தி ஐந்து வருஷம் முற்றுகை போட்டாராம். உள்ளே தானியம் தீர்ந்துபோனது. கார்க்காஸ் என்ற அரசி மிச்சமிருந்த ஒரே பன்றிக்கு மிச்சமிருந்த ஒரே கோதுமையை வயிறு புடைக்கத் தின்னக் கொடுத்து, மதில்மேலிருந்து வெளியே தூக்கிப் போட்டாள். பன்றி வயிறு வெடித்துக் கோதுமை சிதறியதைப் பார்த்த சார்லமேன், "பன்றிக்கே கோதுமை போடுகிறார்களே, இவர்களை எங்கே பட்டினி போட்டு ஜெயிப்பது" என்று முற்றுகையை விலக்கிக்கொண்டார். கதை அருமை. ஆனால் சார்லமேன் அந்த ஊரை முற்றுகையிட்டதே இல்லை. அவர் அப்பா பெப்பின் காலத்திலேயே அது அவர்கள் கைக்கு வந்துவிட்டது. இதையும் அங்கே ஒளிக்காமல் சொல்கிறார்கள். கதை கதையாக இருக்கிறது, வரலாறு வரலாறாக இருக்கிறது.

நம் ரஞ்சன்குடியில் நிலைமை வேறு. இங்கே வரலாறே கதையாகிவிட்டது. சுற்றுலாக் குறிப்பேடுகளையும் இணையத்தில் கிடைப்பதையும் எடுத்துப் பாருங்கள். "1751இல் இங்கு நடந்த வாலிகொண்டா போரில் முகமது அலியின் துணையோடு ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களை முறியடித்தனர்" என்ற ஒரே வாக்கியம் வார்த்தை மாறாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் வகுப்பில் அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்து, ராபர்ட் ஓர்ம் எழுதிய பழைய வரலாற்றைப் படித்தேன். ஓர்ம் கம்பெனி ஆள். சென்னைக் கவுன்சிலில் உறுப்பினராக இருந்தவர், கிளைவுக்கு நெருக்கமானவர். அவர் நூலின் முதல் தொகுதி 1763இல் வந்தது, அதாவது சண்டை நடந்து பன்னிரண்டே வருஷத்தில். ஆங்கிலேயரைக் குறைத்து எழுத அவருக்கு எந்தக் காரணமும் கிடையாது. அவரே எழுதுகிறார், 1751இல் இங்கே ஓடியது ஆங்கிலேயர்கள் என்று.

முதலில் இடத்தைப் பற்றி. வாலிகண்டபுரத்தை எல்லோருக்கும் தெரியும். வாலி பூஜித்ததாகச் சொல்லப்படும் வாலீஸ்வரர் கோயில், சோழர் கல்வெட்டுகள், தொழுகை நடக்கும் பழைய பள்ளிவாசல். இந்தப் பெயரைத்தான் வெள்ளைக்காரர்கள் வால்கொண்டா என்று எழுதினார்கள். ஊருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் பாறைக் குன்றின் மேல் ரஞ்சன்குடிக் கோட்டை. ஆர்க்காட்டு நவாபின் கீழிருந்த ஒரு ஜாகீர்தார் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது என்று தொல்லியல் துறை கூறுகிறது. நீள்வட்ட அமைப்பு, அரைவட்டக் கொத்தளங்கள், சுற்றி அகழி. நன்றாகச் செதுக்கிய கல்லால் மூன்று அடுக்கு மதில், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில். கீழ்ப் பகுதிக்குப் பேட்டை என்று பெயர், மேல் பகுதி கோட்டைமேடு. மேலே செங்கல் கட்டடங்கள், நிலவறை, கொடிமேடை. அடித்தளம் கல், மேலே செங்கல், பூச்சுக்குச் சுண்ணாம்பு.

இந்தப் பகுதிக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் உள்ள தொடர்பு 1751இல் தொடங்கியது அல்ல. 1670களில் வாலிகண்டபுரம் பிஜப்பூர் சுல்தானின் ஆளுநர் ஒருவரின் தலைமையிடமாக இருந்தது. அவர் பெயர் ஷேர்கான் லோடி. டச்சுக்காரர்களுக்குப் போட்டியாக இன்னொரு கம்பெனி வந்தால் வியாபாரம் பெருகும் என்று கணக்குப் போட்டவர் அவர். பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இடம் கொடுத்தது அவர்தான். 1673இல் அந்த அனுமதி. அடுத்த வருஷம் பிரான்சுவா மர்த்தேன் அங்கே வந்து உட்கார்ந்தார். இன்று புதுச்சேரியில் பிரெஞ்சுத் தெருப் பெயர்களைப் பார்த்துவிட்டு வருகிறோமே, அந்தப் பட்டயம் நம் வாலிகண்டபுரத்து ஆளுநர் கையால் போனது. 1677இல் சிவாஜி தெற்கே வந்து ஷேர்கானைத் திருவதிகைப் பக்கம் தோற்கடித்தார். ஷேர்கானின் ஆட்சி அத்தோடு முடிந்தது. புதுச்சேரி மட்டும் தங்கிவிட்டது.

இனி 1751க்கு வருவோம். ஆம்பூர்ச் சண்டையில் 1749இல் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைந்து கிடந்தார். எதிர்ப்பக்கம் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே. முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் துபாஷியாக இருந்து தினமும் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் இது. சந்தா சாகிப் ஆர்க்காட்டிலிருந்து திருச்சியை நோக்கிப் புறப்பட்டார். ஆர்க்காட்டுக்கும் திருச்சிக்கும் இடையிலான பெருவழி நம் கோட்டையின் காலடியில்தான் போகிறது. இந்தக் கோட்டை யார் கையிலோ, வழி அவர் கையில்.

ஆங்கிலேயப் படைக்கு ஜிஞ்ஜென்ஸ் என்ற காப்டன் தலைவர். விருத்தாசலம் வழியாக வந்து கோட்டைக்கு ஒன்றரை மைல் தள்ளி ஒரு தோப்பில் கூடாரம் போட்டார். முகமது அலியின் சகோதரர் அப்துல் வகாப்கானும் குதிரைப்படையோடு கூட இருந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் கோட்டைக்கு வடக்கே சில மைல் தொலைவில். நடுவில் கோட்டை. கோட்டைக்குள் அதன் கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர்.

இந்தக் கில்லேதாரைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. இரண்டு தரப்பும் தூது அனுப்பியது. இரண்டு தரப்புக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார், ஒருவருக்கும் கதவைத் திறக்கவில்லை. கிட்டத்தட்ட இரண்டு வாரம் இப்படியே ஓட்டினார். கோழைத்தனம், சந்தர்ப்பவாதம் என்று வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் நிலைமையில் நின்று பாருங்கள். பாறை மேலே கல்கோட்டை, சரி. கீழே பேட்டையில் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காவல் வெறும் மண் சுவர். யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாமல் ஒருவரை உள்ளே விட்டால், ஜெயித்த மற்றவர் வந்து முதலில் கொளுத்துவது பேட்டையைத்தான்.

கடைசியில் அதுதான் நடந்தது, அவர் யாரையும் உள்ளே விடாமலேயே. பொறுமை இழந்த ஜிஞ்ஜென்ஸ் ஒரு நாள் இருட்டியதும் படையை அனுப்பினார். மண்சுவரைத் தாண்டிப் பேட்டைக்குள் புகுந்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். கல்கோட்டைக்குள் நுழைய முடியவில்லை, அடிபட்டுத் திரும்பினார்கள். பேட்டை எரிகிற வெளிச்சம் சந்தா சாகிபின் பாசறை வரை தெரிந்திருக்கும். கில்லேதார் அன்றிரவே அவருக்கு ஆள் அனுப்பினார், வாருங்கள், கதவைத் திறக்கிறேன் என்று.

விடிவதற்குள் பிரெஞ்சுப் படை கிளம்பி வந்துவிட்டது. கோட்டை மேலிருந்தும் பீரங்கி சுட்டது. ஆங்கிலேயப் படையில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் திடீரென்று கிலி பிடித்துக்கொண்டது. பீரங்கிகளை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். ஜிஞ்ஜென்ஸ், டால்ட்டன், இன்னும் சில அதிகாரிகள் மறித்துப் பார்த்தார்கள். அப்படி மறித்துப் பார்த்தவர்களில் ஒருவர், படைக்குச் சாமான் சப்ளை செய்யும் வேலையில் வந்திருந்த இளைஞர் ராபர்ட் கிளைவ். ஒருவரும் நிற்கவில்லை. அப்துல் வகாப்கான் குதிரையில் விரைந்து வந்து, "என் ஆட்கள் இன்னும் நின்று சண்டை போடுகிறார்கள், நீங்கள் ஓடுகிறீர்களே" என்கிற அர்த்தத்தில் முகத்துக்கு நேரே கேட்டார் என்கிறார் ஓர்ம். நாட்டுச் சிப்பாய்கள் களத்தில் நின்றுகொண்டிருந்தபோதே ஐரோப்பியர்கள் தோப்புக்குத் திரும்பிவிட்டார்கள். அன்று இரவு பாசறையைக் கலைத்துக்கொண்டு பாடாலூர் பக்கத்து ஊட்டத்தூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னர் அங்கிருந்தும் கொள்ளிடம் தாண்டித் திருச்சிக்குள் ஒதுங்கினார்கள்.

இதன் பலன் என்ன? சந்தா சாகிப் திருச்சியை முற்றுகையிட்டார். அதிலிருந்து திருச்சியை விடுவிக்க வழி தேடித்தான், சந்தா சாகிபின் தலைநகரான ஆர்க்காட்டைப் போய்ப் பிடிக்கலாம் என்ற யோசனை வந்தது. 1751 செப்டம்பரில் கிளைவ் அதைப் பிடித்தார், ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார், பெயர் பெற்றார். பள்ளிப் பாடத்தில் ஆர்க்காட்டு வீரர் என்று படித்தோமே, அந்த வீரரின் அதற்கு முந்தைய சண்டை நம்ம ஊர்ப் பாறையடியில் ஓடிய சண்டை. அது பாடத்தில் வரவில்லை.

அப்படியானால் பிரெஞ்சுக்காரர்கள் தோற்ற கதை முழுப் பொய்யா என்றால், அதுவும் இல்லை. அவர்களும் இங்கேதான் தோற்றார்கள். ஆனால் அடுத்த வருஷம்.

1752 கோடையில் நிலைமை தலைகீழ். சந்தா சாகிபும் ஜாக் லா என்ற பிரெஞ்சுத் தளபதியும் ஸ்ரீரங்கம் தீவில் மாட்டிக்கொண்டார்கள். கோயில் மதில்களுக்குள் புகுந்துகொண்டு, வெளியிலிருந்து உணவும் மருந்தும் வருமா என்று காத்திருந்தார்கள். துய்ப்ளே தமக்கு மைத்துனர் முறையான தொத்தேய் என்பவரை உதவிக்கு அனுப்பினார். பாவம், அவர் கீல்வாதத்தால் அவதிப்பட்ட வயதான மனிதர். சமயபுரத்தில் கிளைவ் வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொத்தேய் ஊட்டத்தூர் வரை வருவதும் வாலிகண்டபுரத்துக்குத் திரும்புவதுமாக இழுத்தடித்தார். கடைசியில் கிளைவ் துரத்திக்கொண்டே இங்கு வந்துவிட்டார். பிரெஞ்சுப் படை பேட்டைக்குள் ஒதுங்கி, அங்கிருந்து கல்கோட்டைக்குள் போகப் பார்த்தது.

கில்லேதார் கதவைத் திறக்கவில்லை.

இதற்குள் அவர் முகமது அலியோடு பேசி முடித்துவிட்டிருந்தார். போன வருஷம் யாருக்காகத் திறந்தாரோ, அவர்களுக்கே இந்த வருஷம் அடைத்தார். மேலே போக முடியாமல், கீழே நிற்க முடியாமல் தொத்தேய் சரணடைந்தார். சுமார் நூறு ஐரோப்பியர், நானூறு சிப்பாய்கள், குதிரைகள், பீப்பாய் பீப்பாயாக வெடிமருந்து எல்லாம் பிடிபட்டன. ஆங்கிலேயர் புத்தகத்தில் இது மே மாதக் கடைசி, பிரெஞ்சுக்காரர் புத்தகத்தில் ஜூன் மாதம். இருவரும் சரியே. அன்றைக்கு இங்கிலாந்தின் காலண்டர் பதினோரு நாள் பின்தங்கி இருந்தது. சில நாட்களில் ஸ்ரீரங்கத்தில் லாவும் சரணடைந்தார். தஞ்சாவூர்த் தளபதியை நம்பிப் போன சந்தா சாகிபின் தலை போயிற்று. 1754இல் துய்ப்ளேயைப் பாரிஸுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

ஆக, இரண்டு வருஷத்தில் இரண்டு சண்டை. ஒன்றில் ஆங்கிலேயர் ஓடினார்கள், மற்றொன்றில் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தார்கள். முதல் சண்டையின் வருஷத்தையும் இரண்டாவது சண்டையின் முடிவையும் யாரோ ஒட்டிவிட்டார்கள். ஒட்டியபோது நடுவிலிருந்த மனிதர் காணாமல் போய்விட்டார். இரண்டு தடவையும் முடிவு செய்தது கோட்டைக் கதவு. சாவி அவரிடம் இருந்தது. ஓர்ம் அவரை 'கவர்னர்' என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

போன தை மாதம் பொங்கல் கழிந்து ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள், மக்காச்சோளம் சாலையோரம் காய்ந்தது. பேட்டைக்குள் இப்போது வீடு வாசல் ஒன்றும் இல்லை, திறந்த வெளிதான். கர்க்கசோனில் மதிலுக்குள் இன்றைக்கும் குடித்தனம் இருக்கிறது, ஜன்னலில் துணி காய்கிறது. என்னை அங்கே ரொம்பப் பாதித்தது கொத்தளத்தை விட அந்தத் துணிதான். இங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா ஒருவர், "எங்கேருந்து சாமி வர்றீங்க?" என்று விசாரித்தார். வெள்ளைக்காரன் சண்டை போட்ட இடமாமே என்றேன். "அதெல்லாம் எங்க பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முந்தி. கீழ இருந்து ஒரு சொரங்கம் போவுதாம், அதுதான் தெரியும்" என்றார். எந்தக் கோட்டைக்குப் போனாலும் சுரங்கம் ஒன்று நிச்சயம் இருக்கும், எந்தச் சுரங்கத்துக்குள்ளும் யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்!

ஒரு விஷயத்தில் ரஞ்சன்குடி கொடுத்துவைத்த கோட்டை. கல்லை யாரும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகவில்லை. நம் பக்கத்து கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்தக் கதி நேர்ந்தது. 1836இல் அணைக்கரையில் கீழணை கட்டியபோது கோயில் வெளிமதில் கல்லைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ரஞ்சன்குடி மதில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் பெரும்பாலும் நிற்கிறது. செஞ்சிக் கோட்டை 2025இல் மராட்டியக் கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றுவிட்டது. நம்முடையதற்கு அவ்வளவு பெரிய ஆசை வேண்டாம். வாசலில் ஒரு பலகை, அதில் 1751இல் நடந்தது ஒரு வரி, 1752இல் நடந்தது ஒரு வரி, எரிந்த பேட்டைக்கு ஒரு வரி. நம் சங்கம் சார்பில் உரிய துறைக்கு விண்ணப்பம் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். ஓர்ம் நூலின் அந்தப் பக்கங்களை நகல் எடுத்து இணைத்திருக்கிறேன். சந்திப்பு நாளன்று வரவேற்பு மேசையில் இருக்கும், படித்துப் பார்த்துச் சம்மதமானால் கையெழுத்துப் போடுங்கள்.

சென்னையிலிருந்து காரில் வருகிற நண்பர்கள் தொழுதூர் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தால் போதும், கோட்டை சாலையிலிருந்தே தெரியும். பஸ்ஸில் வருபவர்கள் மங்கலமேட்டில் இறங்கி விசாரிக்கலாம். வெயிலுக்கு முன்னால் போவது உத்தமம். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். மேல்படிகள் சில இடத்தில் வழுக்கும், நம் வயசுக்காரர்கள் ரப்பர் செருப்பில் ஏறவேண்டாம். மேலே கொடிமேடைக்குப் போனவுடன் படம் எடுக்கத் தொடங்கிவிடாமல், முதலில் கீழே பேட்டையைப் பாருங்கள். அங்கிருந்து கல்கோட்டை வாசல் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். சந்திப்புக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன். வர விரும்புகிறவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்தால் ஒரு வேனுக்கு ஏற்பாடு செய்யலாம்.